இச்சி மரத்தின் மேல் ஒரு புகார்

ஆவுடையப்பன் சீடராகச் சேர்ந்ததே ஒரு சந்தேகத்தில்தான்.

மலையடிவாரத்து ஊர் அது. அங்குள்ள பூங்காவில் செடிகொடிகளைப் பார்த்துக்கொள்கிறவர் உலகம்மை. நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயது ஆகியிருக்கும். பட்டுப்போகிற முருங்கைக்கு மருந்து கேட்டு வந்தவர்கள், போகப் போக வீட்டுக் கவலைகளையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். ஊர் அவரை ஆசான் என்றது. யாராவது அப்படி அழைத்துக் காலில் விழப் பார்த்தால், கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்.

ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அறுபத்து நாலு வயது. ஒரு தோட்டக்காரியிடம் இத்தனை பேர் எதற்குப் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று துப்பறியத்தான் முதலில் வந்தார். பத்து நாள் எதிர் பெஞ்சில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

பதினோராம் நாள் நேரே போய் நின்றார்.

"ஆசானே, எனக்கு எது மேலயும் நம்பிக்கை வரமாட்டேங்கு. மக வீட்டுல காப்பி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கேன். அவ பேச்சையே நிறுத்திட்டா. இதுக்கு ஒரு வழி உண்டா?"

"மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அங்ஙன இருக்கு, எடுத்துக்கிடுங்க."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மண்வெட்டி கைக்குப் பழகிவிட்டது. சந்தேகம் மட்டும் ஓய்வுபெறாமல் பழைய உத்தியோகத்திலேயே இருந்தது.

பூங்காவின் நடுவில் ஆல், அத்தி வகையைச் சேர்ந்த ஓர் இச்சி மரம் நிற்கிறது. யாரும் நட்ட மரம் அல்ல. மேலே மழைக்காட்டில் பழம் தின்ற பறவை ஏதோ ஒன்று, இங்கே நின்ற வேங்கை மரத்தின் கவட்டில் எச்சமிட்டுவிட்டுப் போனது. விதை வேங்கையின் மேலேயே முளைத்தது. வேரைக் கீழே இறக்கியது. ஒரு வேர் பத்தாகி, பத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, வேங்கையைச் சுற்றிக் கூடை முடைந்த மாதிரி மூடிக்கொண்டது. இப்போது வேங்கை வெளியே தெரியாது. பழுக்கும் காலத்தில் பச்சைப்புறா வரும், வௌவால் வரும், சில வருஷம் மலையிலிருந்து இருவாச்சிகூட இறங்கி வரும். அவை தின்றது போக மீதிப் பழம் சிமெண்ட் பாதையில் கொட்டி நசுங்கும்.

அந்த வருஷம் அதில் வழுக்கி விழுந்தது நகர்மன்றத் தலைவரின் மாமியார்.

அதுவரை விழுந்தவர்களுக்கெல்லாம் பார்த்து நடக்கச் சொல்லி அறிவுரை கிடைத்தது. மாமியார் விழுந்ததும் மரமே ஆபத்தானது என்று ஆகிவிட்டது. அதை வெட்டிவிட்டு, ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி, நின்று படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம் அமைக்கலாம் என்று பேச்சு. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு சடங்கு மட்டும் பாக்கி இருந்தது. நடைப்பயிற்சிச் சங்கம் மரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் ஆவுடையப்பன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்டால் மரம் விழும். போடாவிட்டால் நிற்கும்.

சும்மா கையெழுத்துப் போட அவர் என்ன சாதாரண ஆளா? முறையாக விசாரித்துவிடுவது என்று இறங்கினார். நீள நோட்டு ஒன்று வாங்கினார். இறந்தது வேங்கை மரம், குற்றவாளி இச்சி மரம் என்று முதல் பக்கத்தில் எழுதினார். திங்கட்கிழமை காலையில் அதை ஆசானிடம் வாசித்துக் காட்டினார்.

"ஆசானே, இது கொலைகார மரம்."

"யாரக் கொன்னுச்சு?"

"வேங்கைய. தோளுல ஏறி உக்காந்து கழுத்த நெரிச்சிருக்கு. எடம் குடுத்தவனையே தீத்துக் கட்டியிருக்கு."

"நீங்க பாத்தீயளா?"

"ஊருக்கே தெரியும்."

"பொணத்தப் பாத்தீயளா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். மேற்குப் பக்கம் வேர்களுக்கு இடையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சந்து உண்டு. உள்ளே ஒரே இருட்டு.

"பாம்பு கெடக்கும்."

"அப்ப சரி" என்று ஆசான் களை பிடுங்கப் போய்விட்டார்.

அந்த 'அப்ப சரி' அவரை உறுத்தியது. ஆசானும் மரத்துக்கு உடந்தையோ என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் என்றால் பூங்கா வாசலைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே சுக்குக் காப்பி விற்கிறவர் பீர் முகம்மது. நடக்க வருகிற நாங்கள் எல்லோரும் குடிப்போம். ஆவுடையப்பன் மட்டும் தொட மாட்டார். அந்தப் பக்கம் பார்த்தால் அவர் முகம் கடுத்துவிடும்.

காரணம் பழையது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஆவுடையப்பன் இதே ஊரில் எஸ்.ஐ. பூங்காவில் இரண்டு முறை சங்கிலிப் பறிப்பு நடந்தது. 'சந்தேகப்படும்படியாக யாரைக் கண்டாலும் உடனே தகவல் கொடுக்கவும்' என்று அவரே வாசகம் எழுதி ஓர் இரும்புப் பலகை செய்வித்தார். பாதையோரத்து மரம் ஒன்றில், யார் கைக்கும் சுலபத்தில் எட்டாத ஏழடி உயரத்தில், இரும்பு வளையம் போட்டு போல்ட்டை முடுக்கிக் கட்டவைத்தார். எந்த மரம் என்று அவருக்கு ஞாபகமில்லை. பலகைதான் அவருக்கு முக்கியம். அப்போதும் சந்தேகம் விடவில்லை. பலகையின் முதுகில் தன் பெயரையும் எழுதவைத்தார்.

"எவன் களவாண்டாலும் அடையாளம் தெரியணும்லா!" என்று இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்.

மாற்றலாகிப் போய், ஒன்பது வருஷம் கழித்து இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்தபோது பலகையைக் காணோம். ஊரில் பழைய இரும்புக் கடை ஒன்றுதான் இருந்தது. பீர் முகம்மதுவின் கடை. வேறென்ன சாட்சி வேண்டும்? கூட்டிவந்து ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்காரவைத்தார். "நான் எடுக்கல சார்" என்பதைத் தவிர அந்த மனிதர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. கடையைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்வந்த கடை என்று பெயராகிவிட்டது. யாரும் சாமான் போட வரவில்லை. பீர் முகம்மது கடையை மூடிவிட்டு, வாசலில் அடுப்பு வைத்தார்.

"பலகை இந்த ஊரத் தாண்டிப் போயிருக்காது. எங்ஙனயோ ஒளிச்சு வச்சிருக்கான்" என்பார் ஆவுடையப்பன்.

புதன்கிழமை அவர் ஒரு கைக்குட்டை நிறைய இச்சிப் பழம் பொறுக்கி வந்தார். ஆசான் முன்னால் ஒவ்வொன்றாகப் பிட்டு வைத்தார்.

"பாருங்க. ஒண்ணுகூட பாக்கி இல்ல. அத்திப் பழத்தப் பிட்டா அத்தனையும் சொத்தைன்னு சும்மாவா சொன்னாவ? இதுவும் அதே சாதிதானே. வெளிய செவப்பு, உள்ள பூரா பூச்சி."

"அது குளவி அண்ணாச்சி. கடுகுலயும் சின்னக் குளவி. இந்த மரத்துக்குப் பூவு வெளிய பூக்காது. காய்க்குள்ளதான் பூக்கும். இது உள்ள போனாத்தான் வெத பிடிக்கும்."

"உள்ள போன குளவி வெளிய வந்துருமா?"

"வராது. அங்ஙனயே முட்ட போட்டுட்டுச் செத்துரும். குஞ்சுதான் வரும்."

ஆவுடையப்பன் நோட்டைத் திறந்தார். "அப்ப இது ரெண்டாவது கொலை."

பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசானுக்கு வரவில்லை.

"எழுதிக்கிடுங்க. ஒண்ணும் விட்டுப் போகப்படாது" என்றார்.

வியாழக்கிழமை காலையில் இன்னொன்று நடந்தது. மரத்தின் தாழ்ந்த கிளையில் வைக்கோல் பொட்டலம் ஒன்று தொங்கியது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்றிலும் ஈ.

ஆவுடையப்பன் ஐந்தடி தள்ளி நின்று மூன்று முறை சுற்றினார்.

"செய்வினையா இருக்கும். இல்லன்னா களவுச் சாமான். காலைல எல்லாருக்கும் முந்தி இங்க வாரவன் யாரு?" என்று வாசல் பக்கம் பார்த்தார். பீர் முகம்மது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

தொரட்டியை வாங்கிப் பொட்டலத்தை இழுத்துப் போட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குச்சியால் பிரித்தார். நாற்றம் எழும்பியது. செக்கச் செவேலென்று ஏதோ கொழகொழவென்று கிடந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பால்காரக் கோமு தூக்குவாளியோடு ஓடிவந்தாள்.

"எம் மாட்டோட நஞ்சுக்கொடிய எவன் அவுத்துப் போட்டான்?"

தொரட்டி ஆவுடையப்பன் கையில் இருந்தது.

"நேத்துதான் கண்ணு போட்டிருக்கு. கொடிய நாயி இழுத்தா மாடு பாலு மறந்துரும்னு பால் வடியுத மரமாப் பாத்துக் கட்டிட்டுப் போறேன். ஊருல வேற பால் மரம் எங்க நிக்கு? எல்லாத்தையும் வெட்டியாச்சு. ரிட்டையராயும் ஒங்க சோதனை தீரலையா? மாட்டுப் பேறுகாலத்துலயுமா வந்து தொழாவணும்?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஆவுடையப்பனுக்குக் காது வரை சிவந்தது.

ஆசான் ஒரு முக்காலியையும் புதுக் கயிறு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

"அவுத்த கைதான் கட்டணும் அண்ணாச்சி. இன்னுங்கொஞ்சம் ஒசரமாக் கட்டுங்க."

வேறு வழியில்லை. இடது கையால் வைக்கோலைச் சேர்த்துச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காலி மேல் ஏறினார். பிடிமானத்துக்காக வலது கையை வேர்களின் இடுக்கில் நுழைத்தார். விரலில் ஏதோ பட்டது. மரம் மாதிரி இல்லை. சில்லென்று இருந்தது. தடவினார். ஆறு மூலை. ஒரு போல்ட்டின் தலை.

கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் துரு.

மெல்ல வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பு ஊதுவதை விட்டுவிட்டு பீர் முகம்மது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை ஒன்று போதாதா? பொட்டலத்தைக் கட்டி முடித்து இறங்கியதும் நோட்டில் எழுதினார். 'களவு போன இரும்பு மரத்துக்குள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளது.'

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கையில் தடியோடு வந்துவிட்டார். சட்டைப் பையில் நகராட்சிக்கான கடிதம் இருந்தது. டைப் அடித்து முடிந்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"ஆசானே, இன்னைக்கு ரெண்டு பேரும் மாட்டப் போறாவ. இந்த மரமும் அந்தப் பாயும்."

ஆசான் தண்ணீர்க் குழாயைத் திருகி நிறுத்தினார்.

"உள்ள போறியளா?"

"போறேன்."

"பாம்பு?"

"கெடந்தா கெடக்கட்டும். பதினாறு வருசமா இதுக்காகத்தானே காத்துக்கிட்டு இருக்கேன்."

"சட்டையக் கழத்திட்டுப் போங்க. கிழிஞ்சிரும்."

சட்டையைக் கழற்றி ஆசானிடம் கொடுத்துவிட்டு, சந்தில் தலையை நுழைத்தார். தோள் போயிற்று. தொப்பை மாட்டிக்கொண்டது. மூச்சை இழுத்து, உதைத்து, ஒரு வழியாக உள்ளே விழுந்தார். செல்போன் வெளிச்சம் வேர்களின் இடுக்குகளில் அங்கேயும் இங்கேயும் அலைவது வெளியிலிருந்து தெரிந்தது. அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

உள்ளே அவர் பார்த்ததை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

பாம்பு இல்லை. செத்த வேங்கைதான் நின்றது. ஒரு பக்கம் மக்கி உதிர்ந்து, மறு பக்கம் வைரம் பாய்ந்த கட்டையாக அப்படியே நின்றது. அவர் தலைக்கு மேலே ஓர் இரும்பு வளையம் அதைச் சுற்றியிருந்தது. வளையத்துக்குக் கீழே மரம் சூம்பியிருந்தது. மேலே வீங்கியிருந்தது. நடுவில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

கயிறு, சேலை, கம்பி என்று எத்தனையோ கழுத்துகளை வேலையில் பார்த்தவர் அவர். நெரித்த தடம் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேங்கை வருஷா வருஷம் பருத்திருக்கிறது. வளையம் பருக்கவில்லை. இச்சியின் வேர்கள் அந்த இரும்புக்கு வெளியே, அதையும் சேர்த்து மூடிக்கொண்டு போயிருந்தன. இரும்பு மரத்தில் பதிந்த இடத்தை அவை தொடக்கூட இல்லை.

வளையத்தில் ஒரு தகடு பிடித்திருந்தது. அதன் முகம் வெளிப்பக்கம் பார்த்து இச்சியின் வேருக்குள் புதைந்துபோயிருந்தது. மரம் மக்கி விழுந்த பக்கத்தில் அதன் முதுகு மட்டும் தெரிந்தது. மழையும் வெயிலும் படாத பெயிண்ட். ஓர் எழுத்துகூட அழியவில்லை.

'ஆ. ஆவுடையப்பன், எஸ்.ஐ.'

வெகு நேரம் அவர் வெளியே வரவில்லை. ஒன்பதரை மணிக்கு நகராட்சி எழுத்தர் வந்தார். கூடவே மிஷின் ரம்பத்தோடு இரண்டு பேர். ஒருவன் ரம்பத்தைக் கீழே வைத்து எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தான்.

சந்திலிருந்து முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் தலை. ஒட்டடையும் துருவுமாக ஆவுடையப்பன் எழுந்து நின்றார். நெஞ்சில் நீளமாக ஒரு சிராய்ப்பு.

"சார், லெட்டர்?" என்றார் எழுத்தர்.

ஆசான் சட்டையை நீட்டினார். ஆவுடையப்பன் அதை வாங்கி, பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"லெட்டர் கெடையாது. மரத்தத் தொடப்படாது."

"நீங்கதானே சார் ஊரெல்லாம் சொன்னீங்க, வேங்கையக் கொன்ன மரம்னு?"

"வேங்கையக் கொன்னவன் பேரு உள்ள எழுதியிருக்கு. வேணும்னா போய்ப் பாத்துக்கிடு."

எழுத்தர் சந்துப் பக்கம் பார்த்தார். உள்ளே இருந்த இருட்டைப் பார்த்தார். போகவில்லை.

"மாமியாரம்மாவுக்கு நான் என்ன சார் பதில் சொல்ல?"

"பாதைய தெனமும் நான் கூட்டுதேன்னு சொல்லு."

அவர்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்தது. ஆவுடையப்பன் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் மரத்தடியில் உட்கார்ந்தார். பழம் ஒன்று அவர் பக்கத்தில் விழுந்து நசுங்கியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தன் உத்தியோக காலம் முழுவதையும் ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் பார்க்க வேண்டி வருமோ என்ற பயம்.

ஆசான் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, இது உள்ள இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வேலைக்கு வந்த மறு வருசமே பாத்தேன்."

"வேற யாருக்கு?"

"பாய்க்குத் தெரியும். கூட்டியாந்து காட்டினேன். குனிஞ்சு பாத்தாரு. ஒண்ணும் பேசாம போயி அடுப்பப் பத்த வச்சாரு."

ஆவுடையப்பன் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ரெண்டு வருசமா ஒங்க காலடியில கெடக்கேன். ஒங்களுக்குத் தெரியும், அந்த மனுசனுக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

ஆசான் கையிலிருந்த களையை உதறி மண்ணைத் தட்டினார். வாசலில் பீர் முகம்மது தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஸ்டேஷன்ல வச்சு ரெண்டு நாளு சொன்னாருல்லா, அண்ணாச்சி."